முதல் பாதி

இதை முதன்முதலில் பிரகாசியின் காதில் போட்டது சபுராம்மாள்தான். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு வெளியே கிடக்கிற இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, மகனுக்கு ஆரஞ்சுச் சுளையில் விதை எடுத்துக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்கு வைத்தியம் நடக்குதுன்னா நெனச்சுட்டிருக்கீங்க? அந்தப் பொண்ணு அவர வச்சுப் படிக்குதுக்கா. ஆராய்ச்சி. எங்கிட்டயும் வந்து இவனக் கேட்டுச்சு. ஒரே பேச்சா மாட்டேன்னுட்டேன். எம்புள்ள என்ன எலியா?" மோட்டார் சைக்கிளில் விழுந்து நாக்குக் குழறிப்போன அந்தப் பிள்ளை, எலி என்றதும் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. கொடி இறங்கித் திருவிழாப் பந்தலைப் பிரித்த பிறகும் அந்த எலி அவளை விட்டுப் போகவில்லை. ராத்திரி படுத்தால் தலையணைக்கு அடியில் பிறாண்டுகிறது, காலையில் காபி ஆற்றும்போது பிறாண்டுகிறது, இதோ இந்த அறைக்குள் குளிரூட்டி உறுமுகிற சத்தத்துக்குக் கீழேயும் பிறாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. அறை என்றால் சின்ன அறை. நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம், இவளைப் பார்த்தபடி இவள் வீட்டுக்காரர் இன்னாசி. இந்தப் பக்கம், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிருதுளா, சபுரா சொன்ன அந்தப் பெண். கதவோரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிரகாசி. மூலையில் மூன்று காலில் நிற்கிற கேமரா, அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் என்னவாம் இந்தப் பெண்ணுக்கு? எப்போது வந்தாலும் முதுகும் பின்னலும்தான். பின்னலில் ஒரு முடி பிசகாது. மேஜைக்கு அடியில் மடியில் வைத்த இடது கை மட்டும் இவளுக்குத் தெரிகிறது, கைக்குள் ஒரு குட்டிக் கடிகாரம். அதை எதற்கு மேஜைக்கு அடியில் ஒளித்துப் பிடிக்க வேண்டும்? தாயே மாதாவே, நான் யாரையும் தப்பாக நினைக்கக் கூடாது, நினைக்க வைக்காதே.

"ஐயா, இது என்னன்னு சொல்லுங்க" என்று மிருதுளா முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். குடை. கறுப்புக் குடை, வளைந்த பிடியோடு. இன்னாசி பார்த்தார். வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு திறந்தது, மூடியது. "அது... அதான்... அந்த..." என்றார். இடது கையைத் தலைக்கு மேலே விரித்துக் காட்டினார். தெரியும், அவருக்குத் தெரியும், மழைக்குப் பிடிப்பது என்று கையே சொல்கிறதே, பேர்தான் வரவில்லை. இந்தப் பெண்ணோ சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு எழுத்து எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? பள்ளத்தில் கால் விட்டவனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடக்கிறான் என்று கடிகாரம் பிடிக்கிற மனசு எப்படி வரும், அதுவும் பொம்பளைப் பிள்ளைக்கு? மூத்தவன் ரீகன் முதன்முதலில் பேச வந்தபோது எத்தனை சொல்லுக்கு இவள் முன்னால் நின்று வாயைக் குவித்துக் காட்டியிருப்பாள். சின்னவள் ஜெனிட்டாவுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாட்டு மறந்துபோய் மேடையில் திருதிருவென்று நின்றபோது, கூட்டத்திலிருந்து இவள் வாயை அசைத்ததைப் பார்த்துத்தானே பிடித்துக்கொண்டாள். பெற்றவர்கள் எல்லாரும் செய்வதுதான். பிரகாசியின் உதடு தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. அது எப்போதும் அசைகிற உதடு. பஸ்ஸில் அசையும், அரிசி களையும்போது அசையும், மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அசையும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கிற பேரே முணுமுணு அத்தை. ஜெபம் ஓடிக்கொண்டே இருக்கும் உள்ளே, கொடியில் துணி ஆடுவது மாதிரி. ஜெபத்துக்கு நடுவில் இப்போது குடையும் வந்தது. "கு... குடை" என்றார் இன்னாசி. அப்பாடா என்று இவள் மூச்சு விட்டாள். பின்னல் அசையவில்லை. "சரிங்க ஐயா. அடுத்தது." அவ்வளவுதான். சபாஷ் இல்லை, நல்லது இல்லை. தப்பாகச் சொன்னாலும் இதே சரிங்க ஐயா, வாயே திறக்காவிட்டாலும் இதே சரிங்க ஐயா. எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புச் சிரிக்கிறவர்களை நம்பக் கூடாது என்று அம்மா சொல்வாள்.

அவர் வாயை நம்பித்தான் அவர் பிழைப்பு. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். தார்களை வரிசையாகச் சாத்தி வைத்திருக்க, ஒவ்வொன்றையும் காலால் ஒரு தட்டுத் தட்டி, பூவன் இந்த விலை, ரஸ்தாளி அந்த விலை என்று அவர் குரல் எடுத்தால் மண்டி முழுக்க ஈ பறக்கிற சத்தம்கூட அடங்கிவிடுமாம். வீட்டிலும் அப்படித்தான், அவர் பேச்சுத்தான் வீடு. "இந்தா பிரகாசி, ஒனக்கு வாய் எதுக்கு, நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறேன்ல" என்று கேலி பண்ணுவார். வாதம் அடித்த அன்றைக்குக் காலையும் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் பாதி விலையில் நின்றுபோனார். நின்றவரை யாரும் தாங்கவில்லை. கிழவன் வேணும்னே நிறுத்துறான்யா, விலைய ஏத்துறான் என்று வியாபாரிகள் சிரித்தார்களாம். அவர் வாய் கோணுகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு, ஒருத்தர் ஏற்றிக்கூடக் கேட்டாராம். மண்டிக் கணக்குப்பிள்ளை ஆஸ்பத்திரியில் வந்து இதைச் சொல்லி அழுதார். அழுதது நிஜமோ பொய்யோ, அன்றையிலிருந்து பிரகாசிக்கு மனுஷர்கள் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே ஆகாது. ஒருத்தர் வாயடைத்து நிற்கும்போது எதிரே நிற்கிறவர் சும்மா பார்த்தால், அதில் ஏதோ கேட்கிற விலை இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு என்ன விலை? பட்டம். பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு எழுத்து. சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது இவள்தான். "படிச்சுப் பாத்துட்டுப் போட்டியாம்மா?" என்று காரைக்காலிலிருந்து ஜெனிட்டா கேட்டாள். "எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு எட்டுப் பக்கம் குடுத்தா எங்கருந்துடி படிக்கறது? அந்தப் பொண்ணு வாசிச்சுக் காட்டுச்சு, பாதி புரியாமலே நான் போட்டேன்" என்றாள் இவள். ரீகனோ திருப்பூரிலிருந்து, "ஃப்ரீயா பாக்கறாங்கல்ல, பேசாம இரும்மா, நீ ஒண்ணு" என்று போனை வைத்துவிட்டான். சும்மா பார்க்கிறார்கள் என்பதுதான் இவளுக்கு இடித்தது. சும்மா யார் என்ன செய்வார்கள்?

அடுத்தது பூட்டு. வந்தது, இழுத்து இழுத்து வந்தது. அடுத்தது யானை. வரவில்லை, அப்போது இவள் தும்மிக்கொண்டிருந்தாள். "சரிங்க ஐயா. அடுத்தது." போன தடவை ஒரு சொல்லும் வரவில்லையாம், வெளியே வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது. இவள் அன்றைக்கு மாத்திரை வாங்கக் கீழ்த்தளத்து வரிசையில் நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் இந்த அறைக்குள் என்ன நடந்ததோ, கதவைச் சாத்திக்கொண்டு அவரை என்ன செய்தாளோ. ஏனென்றால் வீட்டில் அவர் இப்படி இல்லை. இதுதான் யாரிடமும் சொல்லாத பெரிய சந்தேகம். சாயங்காலம் விளக்கு வைத்து ஜெபமாலை எடுத்தால், ஒவ்வொரு ஜெபத்திலும் இவள் முதல் பாதி சொல்கிறாள், அவர் மறுபாதி சொல்கிறார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான், ஒருத்தர் தொடங்க ஒருத்தர் முடிக்க. மாமியார் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. தொடங்கினவர் முடிக்கக் கூடாது, முடிக்கிறவர் தொடங்கக் கூடாது. வாய் கோணிப்போய் வீட்டுக்கு வந்த அன்றும் இவள் பழக்கத்தில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு நிறுத்த, அவர் மறுபாதியைக் கடகடவென்று சொன்னார்! தண்ணீர் என்று கேட்கத் தெரியாதவர், பெண்டாட்டி பேரைச் சொல்ல வராதவர், அத்தனை நீளத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். மாதா கொடுத்த அடையாளம் என்று இவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். வீட்டில் அத்தனை நீளம் வருகிறவருக்கு இங்கே ஒரு குடை வரவில்லை என்றால் யார்மேல் சந்தேகப்படுவது? சொல்லிவிடலாமா இந்தப் பெண்ணிடம், வீட்டில் இப்படி வருகிறது என்று? வேண்டாம். சொன்னால் அதையும் பிடித்து ஒரு கேமரா முன்னால் உட்கார வைத்து, என் தாயின் ஜெபத்துக்குக் கடிகாரம் பிடிப்பாள்.

"ஐயா, இது?" வாழைப்பழம். மஞ்சள் மசேலென்று ஒரு சீப்பு. இதைப் போய்க் காட்டுகிறாளே, இவருக்கு, இவருக்குப் போய். இன்னாசியின் கண் அட்டையில் பட்டதும் நனைந்துவிட்டது. எத்தனை வகை பேர் சொல்லி விற்ற வாய். பொறுக்கவில்லை இவளுக்கு, மார்பில் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள், உதடு துடித்தது. அவர் பெண்ணின் தோளுக்கு மேலே இவள் பக்கம் பார்த்தார். "வா... வாழ... வாழப்பழம்." வந்துவிட்டது! "சரிங்க ஐயா. அடு..." என்று அந்தப் பெண் சொல்லும்போதே கதவு திறந்தது. மிருதுளாவின் படிப்புக்குப் பொறுப்பான பெரிய மேடம். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, செருப்புச் சத்தத்தோடு. மிருதுளா எழுந்து கதவருகே போனாள். இவள் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். தணித்துப் பேசினால் காது அடைத்துக்கொள்ளுமா என்ன. "எப்படிம்மா இருக்கு?" "நிலைக்கு வரல மேடம். போன தடவ ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு வரிசையா வருது." "வருதா? நீ சொல்லிக் குடுக்கவே ஆரம்பிக்கலையே, அப்புறம் எப்படி வருது?" "அதான் மேடம் புரியல." "ஏறி ஏறி எறங்குனா ஆரம்பிக்கக் கூடாதும்மா. அப்புறம் நீ குடுத்த பயிற்சியில வந்துச்சா, வேற எதுல வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? கெறிஸ்மஸ் லீவுக்கு முன்னாடி நிலைக்கு வரலன்னா இவர விட்டுரு. வேற ஆளப் போடு." "மேடம், ப்ளீஸ் மேடம். இவரு நல்லா வருவாரு மேடம். ஆரம்பிச்சா வந்துருவாரு." "பாசம் வேற, படிப்பு வேற மிருதுளா" என்றுவிட்டு மேடம் போய்விட்டார். விட்டுரு. விட்டுரு என்றால்? கழுத்தில் கயிறு கட்டின ஆட்டையா? பிரகாசிக்குக் கைப்பையின் வார் உள்ளங்கையில் அறுத்தது. சபுரா சொன்னது சரிதான். தேவைக்கு வைத்துக்கொள்வார்கள், தேறாதென்றால் வாசலைக் காட்டுவார்கள்.

"பாப்பா, எங்கள நிறுத்தப் போறீங்களா?" கேட்டேவிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மிருதுளா திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், சின்ன முகம், ஜெனிட்டாவை விடச் சின்னவள். "ஐயோ, கேட்டுருச்சாம்மா?" என்று இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல? டெஸ்டுக்கு வெறும் வயித்துல வாங்கன்னு சொல்வாங்கல்ல?" "ஆமா, காபிகூடக் குடிக்கப்படாது." "ஏன்?" "குடிச்சா ஏத்திக் காட்டும்." "அதேதாம்மா. ஐயாவுக்கு இப்ப வெறும் வயிறு. அவரா எத்தன சொல்லு வருதுன்னு மொதல்ல பாக்கணும். பல நாள் பாத்து அது ஒரே மாதிரி இருந்தாத்தான் நான் சொல்லிக் குடுக்கவே ஆரம்பிக்கலாம். அது வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாது, சரி தப்புகூடச் சொல்லக் கூடாது. ஆனா இவரு யாரோ காபி குடுத்து அனுப்புன மாதிரி ஒரு நாள் ஏறுறாரு, ஒரு நாள் எறங்குறாரு. நல்லாத் தூங்குனாரா, மாத்திரை போட்டாரா, பஸ்ஸுல வந்தாரா ஆட்டோவுல வந்தாரா, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பாத்துட்டேன். எது பண்ணுதுன்னு தெரியல. வீட்டுல யாராச்சும் பட அட்டை வச்சுச் சொல்லிக் குடுக்கறீங்களா? கோவமில்லம்மா, சும்மாதான் கேக்கறேன்." "மாதா மேல சத்தியமா இல்ல பாப்பா." சத்தியம்தான். வீட்டில் ஒரு படத்தையும் இவள் காட்டியதில்லை, வேண்டாமென்று இந்தப் பெண் சொன்ன சொல்லை மீறவில்லை. மிருதுளா பெருமூச்சு விட்டு எழுந்துபோய் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

காபி யார் கொடுத்தது. பிரகாசியின் நெஞ்சு அதையே சுற்றிச் சுற்றி வந்தது, செக்கில் கட்டின மாடு மாதிரி. சபுராவைச் சந்தேகப்பட்டாள், வெளியே பெஞ்சில் இவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுக்கிறாளோ. ஆட்டோக்காரரைச் சந்தேகப்பட்டாள். அந்தச் சிவப்புப் பொட்டுக் கேமராவைச் சந்தேகப்பட்டாள், அதைப் பார்த்தால் மிரளுகிறாரோ. ஆனால் மிரண்டால் தினமும் அல்லவா மிரள வேண்டும். ஒன்றுமே வராத நாள் எது? மாத்திரை வரிசையில் நின்ற நாள். அதற்கு முன்னால்? சபுராவின் மகனுக்கு வலிப்பு வந்து, அவளைத் தாங்கிக்கொண்டு இவள் வெளியிலேயே உட்கார்ந்திருந்தாளே, அந்த நாள். அதற்கும் முன்னால்? கல்லறைத் திருநாள், அவரை மண்டிக் கணக்குப்பிள்ளையோடு அனுப்பிவிட்டு இவள் மாமியார் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோனாள். வேண்டாம், இந்தக் கணக்கு வேண்டாம். "ஐயா, இது என்னங்க?" ஏணி. மூங்கில் ஏணி. இன்னாசி அட்டையைப் பார்த்தார். பார்த்தாரா? ஒரு கணம்தான். அப்புறம் கண் மேலே ஏறி, பெண்ணின் தோளைத் தாண்டி, நேராக இங்கே வந்து நின்றது. இவள் கண்ணில் இல்லை, இவள் வாயில். அப்போதுதான் பிரகாசிக்குத் தன் வாய் திறந்திருப்பது தெரிந்தது. பல் விலகி, உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, நாக்கு கீழே படிந்து, சத்தமே இல்லாமல் ஏ என்று நின்றுகொண்டிருந்தது. தொடங்க ஒருத்தர், முடிக்க ஒருத்தர்.

ஐயோ என் தாயே. சத்தம் வரவில்லையே, நான் சத்தம் போடவில்லையே என்று ஒரு மனசு வழக்காடியது. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். இன்னாசி அந்த முந்தானையையே பார்த்தார். பொறுத்துப் பார்த்தார். பிறகு இரண்டாம் முறை ஏலத்துக்குக் குரல் கொடுக்கிறவர் மாதிரி முகவாயை உயர்த்தி, கொடு என்று கேட்டார், வாயால் இல்லை, புருவத்தால். கொடுக்காமல் இருப்பது இத்தனை பாரமா? நாற்பது வருஷம் எனக்கும் சேர்த்துப் பேசின மனுஷர், ஒரு சொல்லுக்கு என் வாயைப் பார்த்து நிற்கிறார். நானோ துணியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தது அவர் கண்ணில், அப்புறம் கோபம் போய் பயம் வந்தது, மண்டியில் அன்றைக்கு இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்களா? இவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கி இவள் பேசியது, வந்தவர் போனவரிடம் அவருக்காக இவள் பேசியது, மண்டி ஆட்களிடம் அவருக்கு முன்னால் நின்று இவள் பேசியது, எல்லாம் அவருக்காகத்தானா? பேசிப் பேசி இந்த ஊமை வாய்க்கு ஒரு ருசி கண்டுவிட்டதோ? அவர் பேச்சு வந்துவிட்டால் இது மறுபடி மூடிக்கொள்ள வேண்டுமே என்று உள்ளே எங்கேயாவது ஒரு எலி பிறாண்டியதோ? இத்தனை நாள் எல்லார்மேலும் சந்தேகப்பட்ட மனசு இப்போது திரும்பித் தன் சதையையே கடித்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்திய கண்ணில் மேஜைக்கு அடியில் இருந்த அந்த இடது கை பட்டது. கடிகாரத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் அழுத்தி அழுத்தி ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கித் தரையைப் பற்றியிருந்தன. பிள்ளை பெறுகிறவள் கட்டிலைப் பற்றுகிற மாதிரி. இந்தப் பெண்ணும்தான். இத்தனை நாளும் இந்தப் பெண்ணும்தான் வாயை மூடிக்கொண்டு இதே பாரத்தைச் சுமந்திருக்கிறாள், முந்தானைகூட இல்லாமல்.

குளிரூட்டி உறுமியது. "ம்... ம்..." என்றார் இன்னாசி. வரவில்லை. கட்டைவிரல் மெல்லத் தளர்ந்தது. "சரிங்க ஐயா. அடுத்தது" என்று மிருதுளா சொன்னாள். அதே சொல்தான். ஆனால் கடைசியில் குரல் லேசாகத் தட்டியதை இவள் இன்றைக்குத்தான் கேட்டாள். இன்னாசி தலையைத் தொங்கப்போட்டு, தளர்ந்த வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த அட்டை இன்னும் அட்டைக் கட்டுக்குள்ளேயே இருந்தது. பிரகாசி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டி, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் பின்னால், சுவருக்கும் அவருக்கும் நடுவில், ஒரு ஆள் உட்காரும்படி இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் அவர் பிடரிதான் தெரியும். அவர் முகம் தெரியாது, அவர் வாய் எப்படித் திறக்கிறது, எங்கே நிற்கிறது எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் மாட்டியிருக்கிற நாட்காட்டியைப் பார்த்து ஜெபம் சொல்லிக்கொள்ளலாம், உதடு எப்படி ஆடினாலும் குற்றமில்லை. மிருதுளா திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா? வெளிய போகணுமா?"

"இல்ல பாப்பா. இந்த நாற்காலிய அவரு முதுகுக்குப் பின்னால, அவருக்கு என் மூஞ்சி தெரியாத மாதிரி போட்டுக் குடு."